குழாய்க்குள் குளவிக்கூடு

என் வீட்டை எரித்தது மலை இல்லை. என் தம்பி உலகநாதன்.

இதை நான் கப்பல்துறையில் சொல்லியிருக்கிறேன். ரேஷன் வரிசையில் சொல்லியிருக்கிறேன். கம்பெனி ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். அவன் முகத்துக்கு நேராகவும் ஒரு தடவை சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. செய்யாதவன் என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே.

கந்தகத்தீவு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நடுவில் ஒரு மலை, அதற்குப் பெயர் மாடன். மாடன் துப்பின கல்லும் சாம்பலும்தான் தீவு. காலையில் கிளம்பிக் கடலோரமாகவே நடந்தால் பொழுது சாய்வதற்குள் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். ஆறு கிடையாது. கிணறு தோண்டினால் வெந்நீர் வரும், அதுவும் புளிக்கும். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறோம். காற்றில் இருக்கிற கந்தகத்துக்கு வெள்ளி கறுத்துப்போகும், அதனால் எங்கள் பெண்கள் யாரும் கொலுசு போடுவதில்லை. ஆனால் மண் அப்படிப்பட்ட மண். மரவள்ளிக் குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு மறந்துபோனாலும் கிழங்கு வைத்துவிடும்.

வெள்ளைக்காரன் கந்தகம் வெட்டுவதற்காக எங்கள் ஆட்களைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தான். கந்தகம் தீர்ந்ததும் அவன் கப்பலேறிவிட்டான். எங்களை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பலும் வரவில்லை. இருந்துவிட்டோம்.

இரண்டே ஊர். கிழக்கே கீழத்துறை, மேற்கே மேலக்கரை. மாடன் வாய் திறந்தால் சில தடவை கிழக்கே ஒழுகுவான், சில தடவை மேற்கே. கல் உருகி வருவது எருமை நடக்கிற மாதிரி மெதுவாகத்தான் வரும். ஆளைத் துரத்தாது, வீட்டை விழுங்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. வீடு எரிந்தவர், தன் வீட்டை மூடின கல்லில் ஒரு துண்டை உடைத்து எடுத்துப் போய் எரியாதவர் வாசலில் வைப்பார். சொந்தம் இருந்தால் சொந்தக்காரர் வாசல், இல்லாவிட்டால் எந்த வாசலும். வைத்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. வீட்டுக்காரர் மாடனின் சாம்பலை அள்ளிப் பின்சுவரிலிருந்து ஒரு கோடு இழுக்கவேண்டும். அது வீட்டுக்கு நடுவே ஓடி, வாசற்படி இறங்கி, தெரு வரைக்கும் வரவேண்டும். தெருவுக்கு வராத கோடு கோடே இல்லை. கோடு போடுவது வீட்டுக்காரர், எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்வது எரிந்தவர். ஆகையால் யாரும் கோணல் போடமாட்டார்கள்.

பாதி வீடு, பாதித் தோட்டம், பாதித் தொட்டித் தண்ணீர். இதில் இரக்கமும் இல்லை, தர்மமும் இல்லை. மாடன் முகம் பார்த்து எரிப்பதில்லை. நேற்று நீ, நாளைக்கு நான்.

இந்த வழக்கத்தைத்தான் கம்பெனி கொன்றது.

கீழத்துறையில் கடலுக்கடியிலிருந்து ஒரு பெரிய கேபிள் கரையேறி, ஒரு கட்டடத்துக்குள் போய், மறுபடியும் கடலுக்குள் இறங்குகிறது. பல தேசத்துப் பேச்சும் கணக்கும் அதற்குள் ஓடுகிறதாம். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கம்பெனி வந்தது. மலையைத் திருப்புகிற மிஷின் வைக்கப்போகிறோம் என்றது. என் தம்பியை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

சேர்ந்த புதிதில் அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"எக்கா, பதம் பாக்க ஒரு சொட்டைப் பச்சத்தண்ணியில விடுதல்லா. என்ன ஆவுது?"

"உருண்டுக்கிடும்."

"அவ்வளவுதான் எங்க வேல. மாடன் வயித்துல இருக்கதும் பாகுதான். உச்சியில சுத்திவர ஆழமாத் தொளை போட்டிருக்கோம். இந்தக் கரையிலேருந்து குழாய் வழியாக் கடல்தண்ணிய மேல ஏத்தி, எந்தப் பக்கம் வரக்கூடாதோ அந்தப் பக்கத் தொளையில அடிப்போம். அந்தப் பக்கம் இறுகிரும். பாகு இளகின பக்கமாப் போயிரும்."

"எந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு யாருல சொல்லுவா?"

"அது அந்த நேரத்துல பாத்து..."

"யாரு பாத்து?"

அவன் பாகைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து வலையை முடிந்தபடியே சிரித்தார். "மாப்ள, அப்போ மாடனும் இனிமே கம்பெனி ஆளுன்னு சொல்லு. மாசாமாசம் சம்பளம் உண்டா அவருக்கு?"

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

போன வெயில்காலத்தில் மாடன் வாய் திறந்தான். மேற்கே வந்தான். நாங்கள் வள்ளங்களில் ஏறிக் கடலில் நின்றபடி எங்கள் வீடுகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தோம். சந்தனமாரியின் புருசன் இசக்கி மட்டும் ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். ஆடுகள் வந்தன.

மறுநாள் கம்பெனி ஒலிபெருக்கியில் அறிவித்தது. மலை கிழக்கே வரவிருந்தது, மேற்கே திருப்பப்பட்டது, கேபிள் நிலையமும் கீழத்துறையும் காப்பாற்றப்பட்டன, வால்வைத் திருப்பியவர் உலகநாதன். அவனுக்கு மாலை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள்.

நாங்கள் கல் சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, ஆளுக்கொரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு கீழத்துறைக்கு நடந்தோம். ஊர் எல்லையில் அவர்களுடைய தலைவர் தங்கராசு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட ஊரே நின்றது. போன தடவை கிழக்கே எரிந்தபோது அதே தங்கராசு கல்லும் கையுமாக மேலக்கரைக்கு வந்து, என் மாமனார் வீட்டில் பாதியில் இருந்தவர்.

"வழக்கத்த மறுக்கல" என்றார். "மாடன் எரிச்சா பாதி. நான் வாங்கியிருக்கேன், இல்லங்கல. ஆனா இது மாடன் எரிச்சதா? மனுசன் எரிச்சது. மனுசன் எரிச்சா எரிச்சவன்கிட்டப் போய்க் கேக்கணும். கம்பெனியக் கேளுங்க."

"ஒம்ம வீட்டக் காப்பாத்தத்தான வே எங்க வீட்ட எரிச்சிருக்கான்?" என்றேன்.

"நாங்க எரிக்கச் சொன்னமாம்மா?"

கற்களை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினோம். அவற்றைப் பொறுக்கிக் கடற்சுவருக்குக் கீழே கொட்டிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் மட்டும் அன்றைக்குக் கல் எடுத்துப் போகவில்லை. எனக்கு இருந்த ஒரே சொந்தக்கார வாசல் தம்பி வாசல்தான். எரித்தவனிடமே போய் எரிந்துபோச்சு என்று கல் வைக்கச் சொல்கிறீர்களா?

எங்களை மேற்கே பழைய கந்தகக் குழிக்குள் தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். குழி என்றால் நிஜமாகவே குழி. மாடனின் புகை காற்றைவிடக் கனம், பள்ளத்தைத் தேடி வந்து தங்கும். புகை அரித்துத் தகரம் அதற்குள் சல்லடையாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். படுத்தால் மூச்சு நிற்கிறது. வாரம் ஒரு தடவை வருகிற டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: வாடைக்காற்று தொடங்கினால் புகை மொத்தமும் இந்தப் பக்கம்தான் இறங்கும், அதற்கு முன்னால் இவரைக் கிழக்கே கொண்டுபோய்விடுங்கள், இல்லாவிட்டால் இந்த வாடையைத் தாண்டமாட்டார்.

"ஒன் தம்பி உலகுதான் அவன் வீட்டுப் பின்கட்டுல இருந்துக்கிடச் சொல்லுதான்லா. போவமே" என்றார் சுடலை.

"விருந்தாளியாவா?"

"மூச்சு விடுத ஆளா."

"எரிச்சவன் கையால சோறு திங்கதுக்கு இங்கனயே கெடக்கலாம்."

"நீ கெடப்ப. ஒனக்கு நுரையீரலு இரும்புல செஞ்சது. எனக்குத் தகரம்." சிரிக்கப் போய் இருமினார். நெடுநேரம் இருமினார்.

அன்றைக்கு மத்தியானம் நான் எழுந்து மேலக்கரைக்கு நடந்தேன். எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. அவனிடம் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் வெறுங்கையோடு போகக்கூடாது, என் வீட்டுக் கல்லையாவது எடுத்துக்கொண்டு போகவேண்டும், அதை அவன் மண்டையில் போடுவதா வாசலில் வைப்பதா என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கறுப்புக் கல் அலை அலையாகக் கிடந்தது. எது என் வீடு என்று அடையாளமே இல்லை. கடலைப் பார்த்து நின்று, மலையைப் பார்த்து நின்று, ஒரு குத்துமதிப்பாக இங்கேதான் என்று நின்றேன். அங்கேதான் பக்கத்தில், கல்லைப் பிளந்துகொண்டு, கம்பெனிக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் போன குழாய்தான் அது. கடற்கரையிலிருந்து மலை உச்சியில் இருக்கிற பம்புமேடு வரைக்கும் போனது. உள்ளே ஆள் தவழ்ந்து போகலாம், அத்தனை பெரிது. மலை எரியும் நாளன்று மட்டும்தான் இதில் தண்ணீர் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் இதன் மேல் குதிரை ஓட்டுவார்கள். இப்போது சூட்டில் முறுக்கி, பிளந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

இந்தக் குழாய் வழியாகத்தானே என் வீட்டை எரித்தார்கள் என்று அதை ஓங்கி ஒரு உதை விட்டேன். உள்ளேயிருந்து ஏதோ உதிர்கிற சத்தம் கேட்டது. குனிந்து எட்டிப் பார்த்தேன்.

குளவிக்கூடு. மண்ணால் கட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக, அறை அறையாக, குழாயின் அடியிலிருந்து என் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்தன. ஒரு வருசத்து வேலை இல்லை, பல வருசத்து வேலை. சூட்டில் வெந்து செங்கல் மாதிரி சிவந்திருந்தது. கையை விட்டு ஒரு துண்டைப் பெயர்த்தேன். அதற்கு அடியில் வேகாத பழைய மண். விரலால் தேய்த்தேன். பொடியாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மலையைத் திருப்புகிற அளவுக்குக் கடல்தண்ணீர் இந்தக் குழாயில் ஏறியிருந்தால், இந்தக் கூடு கரைந்து போயிருக்கும். ஒரு குடம் தண்ணீர் போயிருந்தால்கூடப் போதும். இதில் ஒரு சொட்டும் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்கு முன்பும் போகவில்லை. எவனும் மலையைத் திருப்பவில்லை. மாடன் தன்பாட்டுக்கு வந்தான், தன்பாட்டுக்கு எரித்தான், எப்போதும் போல.

சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. மாடன்தான் எரித்தான் என்றால் கோடு உண்டு. பாதி உண்டு. இத்தனை மாதமும் நாங்கள் புகைக் குழிக்குள் கிடந்திருக்கவே வேண்டாம்.

செங்கல்லாக வெந்த துண்டை மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். முதலில் சந்தனமாரியிடம்தான் போனேன். கம்பெனி மேல் கேஸ் நடத்துகிறவள் அவள். கூட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இதக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்றாள்.

"என்ன மதினி சொல்லுதிய?"

"கம்பெனி எரிக்கலன்னா நம்ம கேஸு யாரு மேல? மாடன் மேல போடவா? சம்மன யாரு கொண்டு குடுப்பா, நீ ஏறிப்போய்க் குடுப்பியா?"

"கேஸு என்னத்துக்கு? பாதி கேக்கலாம்லா. இன்னைக்கே கேக்கலாம்."

"பேச்சி." என் பெயரை மெதுவாகத்தான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். காலையில எந்திரிச்சதும் அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சிய நெனச்சிக்கிடுவேன். அதுலதான் நாள் ஓடுது. நீ வந்து ஒரு மண்ணாங்கட்டியக் காட்டி, யாரும் கொல்லல, ஆடு அவுக்கப் போனாரு, செத்தாருங்க. அத எங்கிட்டயிருந்து பிடுங்காத. சொல்லிட்டேன்."

அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அப்படியே அவள் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோபத்துக்கும் போக இடம் இல்லாமல், எல்லாம் சேர்ந்து தம்பி வாசலுக்கே திரும்பியது.

மறுநாள் காலையில் சுடலையை வள்ளத்தில் உட்காரவைத்துக் கீழத்துறைக்குக் கொண்டுபோனேன். கிழக்கே திரும்பியதும் காற்று மாறியது. அவர் மூக்கை விரித்து இழுத்தார். "பாரேன், காத்துக்கு வாடையே இல்ல" என்றார். பிரியாணி வாசம் பிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி வீடு கப்பல்துறைத் தெருவில் நல்ல சிமெண்டு வீடு. கம்பெனி கொடுத்தது. என்னை வாசலில் பார்த்ததும் அவன் மனைவி கனி பதறி எழுந்து வந்தாள். "வாங்க மதினி. அண்ணே, பாத்து, படி இருக்கு. இவியதான் வரமாட்டாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. பின்கட்ட ஒழிச்சே வச்சிருக்கேன்."

அவள் நல்ல பிள்ளை. பேசிக்கொண்டே இருப்பாள். சுடலைக்குத் தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தாள். அடுத்த கப்பலில் ஏதோ ஒரு தீவிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். அங்கேயும் எரிகிற மலை இருக்கிறதாம், அங்கேயும் இந்த மிஷினை வாங்கப்போகிறார்களாம். மலையைத் திருப்பின ஆளைப் பார்க்கவேண்டும், கேடயத்தோடு நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாள்.

கேடயம் வடக்குச் சுவரில் இருந்தது. பித்தளை. இந்தக் காற்றிலும் கறுக்காமல் துடைத்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே ஒரு சின்னப் பலகை, பலகையில் பிளாஸ்டிக் பூ.

தம்பி உள்ளேயிருந்து வந்தான். நான் மடியை அவிழ்த்து, அந்தத் துண்டை எடுத்து, வாசற்படியில் வைத்தேன்.

"இது என்ன?" என்றாள் கனி. "கல்லா மதினி? நம்ம வீட்டுக்கா?"

அவன் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படிப் போனது.

"எங்கன எடுத்த?"

"ஒங்க குழாய்க்குள்ள. என்னல, குளவி நீச்சலடிக்குமா?"

"எக்கா, உள்ள வா. கதவச் சாத்திட்டுப் பேசுவோம்."

"தொறந்தே இருக்கட்டும். பம்பு ஓடிச்சா, ஓடலையா?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே சொன்னான். "பம்பு வந்துச்சி. உள்ள சுத்த வேண்டிய சக்கரம் வரவே இல்ல. அடுத்த கப்பல்ல வரும், அடுத்த கப்பல்ல வரும்னாவ. மேல பெரிய ஆளுங்ககிட்ட எல்லாம் ரெடின்னு சொல்லியாச்சாம். அன்னைக்கி நான் பம்புமேட்டுல ஒத்தையா நிக்கேன். மலை முழங்குது. மேனேஜர் போன்ல வாராரு. 'உலகநாதன், நீங்க வால்வைத் திருப்பியாச்சு' ங்காரு. திருப்புங்கன்னு சொல்லல எக்கா. திருப்பியாச்சுன்னு சொன்னாரு. நான் எறங்கி வாரதுக்குள்ள மாடன் அங்கிட்டுப் போயிட்டாரு. கீழ வந்தா கையில மாலை வச்சிக்கிட்டு நிக்காவ."

"அப்ப நீங்க ஒண்ணுமே பண்ணலையா?" என்றாள் கனி.

நான் தம்பியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஊரு கேக்கக் கத்துனேன், நீ ஒரு நாளாவது வாயத் தொறந்தியால?" என்றேன். "ஒன்னையக் கொலகாரன்னேன். தெருவுல வச்சிச் சொன்னேன். இல்லக்கா, நான் எரிக்கலன்னு ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா?" அவனும் இப்போது கோபத்தோடு நிமிர்ந்தான். "சொன்னா மாடன் எரிச்சதாவும். மாடன் எரிச்சா இந்தத் தெரு முழுக்கக் கோடு விழும். தங்கராசு மாமா வீடு, எதுத்த வீடு, எல்லாம் பாதி. எவன் என்னைய உயிரோட விடுவான்? வேலை போவும், வீடு போவும். ஒனக்குப் பின்கட்டத் தாரேன்னு ஆளனுப்பிக்கிட்டேதான இருந்தேன். நீதான் வரல. இப்பவும் சொல்லுதேன், இரு. எத்தன வருசம் வேணும்னாலும் இரு. அத்தான நான் பாத்துக்கிடுதேன். கோடு மட்டும் வேண்டாம்."

"எரிச்சவன்னு பேரெடுத்தாலும் எடுப்ப, பாதி குடுக்கமாட்ட."

அவன் படியில் இருந்த துண்டைப் பார்த்தான்.

"அப்படி எரிச்சிருந்தாக்கூட ஊரக் காப்பாத்த எரிச்சான்னு ஒரு நாள் மனசு ஆறியிருப்பேன்ல. பாதி வீட்டுக்காகப் பொய்யா எரிச்சிருக்க நீ."

சுடலை சுவரில் சாய்ந்தபடி கண்ணைத் திறக்காமலே பேசினார். "மாப்ள, அந்த இன்னொரு தீவு. அங்கயும் மேலக்கரைன்னு ஒண்ணு இருக்கும்லா. மிஷின் இருக்கு, நம்ம பக்கம் வராதுன்னு நம்பிப் படுத்திருப்பான்லா ஒருத்தன்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கனி எழுந்தாள். வாசல் நிலைக்கு மேலே எல்லா வீட்டிலும் போல ஒரு சிரட்டையில் மாடனின் சாம்பல் இருந்தது. எக்கி அதை எடுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றான்.

"கோயில்ல முன்வரிசையில உக்காத்தி வச்சிருக்காவ என்னைய" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, சிரட்டையைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளைகளத் தூக்கிட்டு வந்து, ஒங்க வீட்டுக்காரர் காப்பாத்துன பிள்ளைன்னு எங்கிட்டக் காட்டுவாவ. நானும் வாங்கிக் கொஞ்சுவேன்."

பின்சுவரில் போய்க் குனிந்தாள். சாம்பலை விரலிடுக்கில் விட்டுக்கொண்டு, கோலம் போடுகிற கைதானே, ஒரு நூல் பிசகாமல் பின்னோக்கி நடந்து வந்தாள். பின்கட்டு, அடுக்களை வாசல், நடுவீடு. தம்பி எழுந்து குறுக்கே நின்றான்.

"வீட்டுக்குள்ளயே இருக்கட்டும் கனி. ஒத்துக்கிடுதேன். வாசலோட நிறுத்து. தெருவுக்குக் கொண்டுபோவாத."

"தள்ளுங்க."

அவன் தள்ளவில்லை. அவள் அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே சாம்பலை விட்டாள். அவன் சூடு பட்டவன் போலக் காலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். அவள் படி இறங்கினாள். கோடு தெருவுக்கு வந்தது.

காலை நேரம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். மீன்காரி கூடையை இறக்காமல் நின்றாள். கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். இந்த வீட்டில், இந்த ஆள் வீட்டில் கோடு விழுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரி நடந்து வந்து கோட்டைப் பார்த்தாள், படியில் இருந்த செங்கல் துண்டைப் பார்த்தாள், திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பக்கத்து வீட்டில் ஒன்று. அதற்கடுத்து ஒன்று. தெருக்கோடி வரைக்கும் கதவுகள் சாத்திக்கொண்டே போகிற சத்தம் கேட்டது.

சாத்தட்டும். கதவுக்கு வெளியேதானே கல் வைக்கவேண்டும்.

"எந்தப் பக்கம் மதினி?" என்றாள் கனி. கையெல்லாம் சாம்பல். வழக்கப்படி கேட்கவேண்டும், கேட்டாள்.

தெற்குப் பக்கம் நல்ல பக்கம். அடுக்களை, தண்ணீர்த் தொட்டி, கடலைப் பார்த்த ஜன்னல், காற்று, எல்லாம் அங்கே. சுடலை ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார். வடக்கே ஒரு கட்டில், துணிக்கொடி, ஜன்னல் இல்லாத ஒரு சுவர். தம்பி தெற்குப் பக்கத்தில் இருந்த தன் செருப்பை எடுக்கப் போனான். நான் அதைத்தான் கேட்பேன் என்று முடிவே செய்துவிட்டான்.

"வடக்கு" என்றேன்.

"எக்கா, அத்தானுக்குக் காத்து..."

"கிழக்க வந்தாச்சு. அவருக்கு இங்க எந்தப் பக்கமும் காத்துதான்."

சுடலையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வடக்குக் கட்டிலில் உட்காரவைத்தேன். வாசற்படியில் இருந்த குளவிக்கூட்டை எடுத்துவந்து, கேடயத்துக்குக் கீழே பலகையில் இருந்த பிளாஸ்டிக் பூவைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வைத்தேன். சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

தம்பி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். குரல் இறங்கியிருந்தது.

"கப்பல் வாரதுக்குள்ள அந்தக் கேடயத்தக் கழட்டிக்கிடுதேன் எக்கா."

"தொடாத. அது இருக்குத சுவரு என்னது" என்றேன். "பாக்க வாரவங்க இங்கன வந்துதான் பாக்கணும். நான் இருப்பேன்."